புகார் கொடுத்த மறுநாள்

போன மாதம் ஒரு பயிற்சிக் கூட்டத்தில் பேசிய ஒருவர், எங்கள் பக்கத்து இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றைப் பாராட்டிச் சொன்னார். பெண்கள் தொடர்பான புகார் அங்கிருந்து வருவதே இல்லையாம், அவ்வளவு கட்டுப்பாடான முகாமாம். கூட்டத்தில் கை தட்டினார்கள். அந்த முகாமுக்குப் பல வருடமாகப் போய்வருகிற எனக்குக் கை எழவில்லை. சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, மனதார நம்பித்தான் சொன்னார். போருக்குத் தப்பி வந்த பெண்களுக்காக வேலை செய்கிறவர்களிடமே இந்த நம்பிக்கை இருப்பதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. புகார் வரவில்லை என்றால், எதுவும் நடக்காமல் இருக்கலாம். வாயைத் திறந்தால் என்ன ஆகுமோ என்ற பயமாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று ஆபீஸ் பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தால்தான் தெரியும்.

வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இந்த முகாம்களைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் 1990ஐ ஒட்டி ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் முகாமில் வந்து இறங்கி, அங்கிருந்து இங்கே அனுப்பப்பட்ட குடும்பங்கள். ஒரு பாட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த பழைய அட்டையை எனக்குக் காட்டினார். அதில் இருந்த முத்திரை 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்'. அந்தப் பெயரில் இன்று மாவட்டமே இல்லை. அது வேலூர் மாவட்டமாகி, 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகவும் பிரிந்துவிட்டது. மடிப்பு கிழிந்த இடத்தில் டேப் ஒட்டி, அட்டையை மட்டும் பாட்டி காப்பாற்றி வைத்திருந்தார். அதை என் கையில் முழுதாகக் கொடுக்கவில்லை. ஒரு முனையைத் தன் விரலில் பிடித்துக்கொண்டே காட்டினார். பதிவு என்பது இவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிய ஆரம்பித்தது அந்த விரலைப் பார்த்துத்தான்.

பதிவில் பேர் இருந்தால்தான் அரசு தரும் மாதப் பணக்கொடை. 2021இல் உயர்த்திய கணக்குப்படி குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. பதிவில் பேர் இருந்தால்தான் வீடு. பதிவில் இருப்பவர்கள் முகாமில் இருக்கிறார்களா என்று பார்க்கும் செக்கிங் நாளில் ஆள் இல்லை என்றால் கேள்வி வரும். பெயின்டிங் வேலைக்கு வெளியூர் போன ஆண்கள் அதற்காகவே இரவு பஸ் பிடித்து வருவார்கள். 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு ஒரு விலக்கு ஆணை போட்டது. 2015 ஜனவரி 9 வரை இங்கே வந்து தஞ்சம் அடைந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகள் பொருந்தாது என்பது அதன் சாரம். நல்ல ஆணைதான். ஆனால் அதுவும் பதிவைத்தான் பிடித்து நிற்கிறது.

இதற்கு மேல் எங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு பயமும் உண்டு. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் திப்பு மகாலில் 1990களில் சிறப்பு முகாம் இருந்தது. அன்றைய வெளிநாட்டினர் சட்டத்தைக் காட்டி ஆட்களை அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். 1995 ஆகஸ்ட்டில் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பியது ஊரே பேசிய செய்தி. அதற்கப்புறம் எல்லா முகாமிலும் கெடுபிடி கூடிப்போனது என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். நாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோட்டை அகழியைச் சுற்றிக் காற்று வாங்கப் போகிறோம். முகாமில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு அதே கோட்டை வேறு மாதிரித் தெரியும். போலீஸ் விஷயமாக வீட்டு ஆம்பளை பேர் ஒரு தாளில் ஏறினால் அது எங்கே போய் நிற்கும் என்று அவள் அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருப்பாள்.

தாழ்வாரத்தில் கேட்ட கேள்வி

ஆரம்பத்தில் நாங்களும் எல்லாரையும் போல விழிப்புணர்வுக் கூட்டம்தான் போட்டோம். புளியமரத்தடி, ஃப்ளெக்ஸ் பேனர், மைக், முடிவில் டீயும் பிஸ்கட்டும். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்று சொல்வோம். முன்வரிசைப் பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள், பெண்கள் தலையாட்டுவார்கள். நம்பர் தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. வன்முறை என்றால் என்ன என்று அவர்களுக்கு நாம் பாடம் எடுக்கவும் தேவையில்லை. 1996 செப்டம்பரில் யாழ்ப்பாணத்துச் செம்மணிச் சோதனைச் சாவடியில் பள்ளி மாணவி கிருஷாந்தி குமாரசாமியை ராணுவத்தினர் பிடித்து வைத்தார்கள். தேடிப் போன தாய், தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் என்று மூன்று பேரும் அவளோடு சேர்த்துக் கொல்லப்பட்டார்கள். 1998இல் படையினருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது என்பதைவிட, கேட்கப் போனவர்களும் திரும்பவில்லை என்பதுதான் அந்தத் தலைமுறைப் பெண்களின் மனதில் ஆழமாக இறங்கியிருக்கிறது. சீருடை உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் போய் நியாயம் கேள் என்று இவர்களிடம் மைக்கில் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், மரியாதைக்காக.

எனக்கு எல்லாவற்றையும் மாற்றிப் போட்டது ஒரு மத்தியானம். வரிசை வீடு ஒன்றின் தாழ்வாரத்தில் நாலைந்து பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். நனைத்த இலையில் தகடு வைத்துக் கத்தரியால் வெட்டி, தூள் வைத்து உருட்டி, முனையை மடக்கி, நூல் சுற்றி முறத்தில் போட வேண்டும். கண் முழுக்க முறத்திலேயே இருக்கும். யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை. நான் சும்மா இலை அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பேச்சு ரேஷன், பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் என்று போய்க்கொண்டிருந்தது. அப்போது ஒரு அக்கா, தலை நிமிராமலே கேட்டார்:

"நான் ஸ்டேஷனுக்குப் போனா அவரைக் கூட்டிக்கொண்டு போவாங்கள். சரி. அதுக்குப் பிறகு எங்கட பதிவு என்ன ஆகும் தங்கச்சி? அடுத்த மாசக் காசு யாற்ற கையில குடுப்பாங்கள்?"

கத்தரிச் சத்தம் நின்றது. மற்றப் பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை பேரிடமும் அதே கேள்வி இருந்திருக்கிறது. புருஷன் அடிப்பது குற்றம் என்று அந்த அக்காவுக்கு நன்றாகவே தெரியும். எந்த ஸ்டேஷன், எந்த பஸ் என்றுகூடத் தெரியும். புகார் கொடுத்த மறுநாள் காலை என்ன நடக்கும் என்பதுதான் தெரியாது. செக்கிங்கில் அவர் இல்லை என்றால் என்ன எழுதுவார்கள்? குடும்பத் தலைவர் பெயரில் வரும் பணம் நிற்குமா? வேறு முகாமுக்கு மாற்றிவிடுவார்களா? மூத்தவளின் சர்டிபிகேட்டுக்கு அப்பா கையெழுத்து வேண்டுமே? நாங்கள் அடித்த நோட்டீஸ் ஒன்றில்கூட இதற்குப் பதில் இல்லை. விசாரித்து வந்து சொல்கிறேன் அக்கா என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அடுத்த சில வாரம் சத்துவாச்சாரியிலேயே கழிந்தது. கோர்ட்டும் கலெக்டர் ஆபீசும் அங்கேதான். வக்கீல் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து சொன்னதை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, எந்தப் பெண்ணுக்கும் பொருந்தும், குடியுரிமை கேட்காது. போலீஸில் தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலரிடம் சொன்னால் அவர் அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டிடம் சேர்ப்பார். அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது என்று 18ஆவது பிரிவில் உத்தரவு வாங்கலாம். இந்தச் சட்டப்படி உத்தரவை மீறினால்தான் குற்றம், அதற்கு ஒரு வருடம் வரை சிறை. வீடு யார் பேரில் இருந்தாலும் அவளை வெளியே தள்ள முடியாது என்கிறது 17ஆவது பிரிவு. பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் பார்க்காமல், இலவச சட்ட உதவி கிடைக்கும். அது 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் இருக்கிறது. இந்நாட்டுக்காரி இல்லையே என்று யாராவது இழுத்தால் சொல்லிவிடுங்கள் என்று வக்கீல் 2000ஆம் வருடத் தீர்ப்பு ஒன்றைச் சொன்னார். ஹவுரா ரயில் நிலையத்தில் கூட்டு வன்முறைக்கு ஆளான வங்கதேசப் பெண்ணின் வழக்கில், உயிருக்கும் கண்ணியத்துக்கும் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் பாதுகாப்பு வெளிநாட்டுப் பெண்ணுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, இழப்பீடும் கொடுக்க வைத்தது. பணக்கொடை விஷயத்தை வருவாய்த் துறையில் கேட்டேன். தலைவர் மாற்றத்துக்கு மனுவாக எழுதிக் கொடுத்தால் பரிசீலிப்போம் என்றார்கள். அதையும் வாயால் வாங்கிக்கொண்டு வராமல், யாரிடம், எந்த மாதிரி எழுத வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன்.

திரும்பிப் போய்க் கூட்டம் போடவில்லை. அதே தாழ்வாரத்தில், அதே முறங்களுக்கு நடுவில், கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். கைது இல்லாமல் உத்தரவு மட்டும் வாங்கலாம் என்று சொன்ன இடத்தில்தான் பேச்சு சூடு பிடித்தது. ஆளுக்கொரு கேள்வி. அந்த அக்கா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பல மாதம் கழித்து ஒரு நாள் போன் செய்து, "நாளைக்கு வருவீங்களா, சேர்ந்து போவம்" என்றார். போனோம். அவருக்குப் புருஷனை உள்ளே தள்ள வேண்டும் என்ற எண்ணம் கிடையாது. அடி நிற்க வேண்டும், பதிவு போகக் கூடாது. இரண்டும் நடந்தது. இதற்கு மேல் அவரைப் பற்றி எழுத மாட்டேன். எழுதினதிலும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சுவரோடு சுவர் ஒட்டின வீடுகளில், எந்த அக்கா என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும்.

பெண்பிள்ளைகள் விஷயம்

பெரியவர்களிடம் பொறுமையாக இருக்கலாம், அவர்களே முடிவெடுக்கட்டும் என்று விடலாம். பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் அந்த நேரத்தைத் தருவதில்லை. 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு நடந்த பாலியல் குற்றம் தெரிந்தால், தெரிந்தவர் சொல்லியே ஆக வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு. மறைத்தால் 21ஆவது பிரிவில் அதுவே குற்றம். ஆக, அழுதுகொண்டு வந்து நிற்கும் பிள்ளையிடம் "யாரிடமும் சொல்ல மாட்டேன், சொல்லு" என்று ஆரம்பிக்கக் கூடாது. எங்களோடு வேலை பார்க்கும் இளம்பெண்களிடம் நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, எதை நம்மால் ரகசியமாக வைத்துக்கொள்ள முடியும், எதை முடியாது, சொன்னால் யார் வருவார்கள், அம்மாவுக்கு எப்போது தெரியும் என்று அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட வேண்டும். சில பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். ஆனாலும் ஏமாற்றிப் பேச வைத்து, மறுநாள் அவள் வீட்டு வாசலில் ஜீப் நின்றால், அந்த வரிசையில் வேறு எந்தப் பிள்ளையும் அதற்கப்புறம் வாயைத் திறக்காது. எழுந்து போனவள் பெரும்பாலும் திரும்பி வருகிறாள். வராவிட்டால் நாம் போய் அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மணி நேரக் கணக்கும் உண்டு. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், கருத்தடை மாத்திரைக்கு அதிகபட்சம் 120 மணி நேரம். எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் வைத்தியம் என்று எந்த மருத்துவமனையும் சொல்லக் கூடாது. சட்டமும் விதிகளும் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. இது தெரிந்த ஒரு பெண் முகாமுக்குள்ளேயே இருந்தால், ராத்திரி பத்து மணிக்கு ஆட்டோ பிடித்து அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்விடலாம். வெளியிலிருந்து வரும் நான் அடுத்த நாள் காலையில்தான் வருவேன்.

இளவயதுக் கல்யாணம் இதைவிடச் சிக்கல். ஒரு அம்மா, 17 வயது மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். சட்டம் 18 என்று அவருக்கும் தெரியும். பேசப் பேசத்தான் அவர் கதை வந்தது. அவருக்கே 16 வயதில் கட்டிக் கொடுத்தார்களாம். தாலி இருந்தால் புலிகள் இயக்கத்துக்குப் பிடித்துப் போக மாட்டார்கள், ஆமிக்காரன் கண்ணும் கொஞ்சம் விலகும் என்று அவர் அம்மா நினைத்தது. வன்னியில் போரின் கடைசி வருடங்களில் கட்டாய ஆள்சேர்ப்புக்குப் பயந்து பெற்றவர்கள் அவசரமாகக் கல்யாணம் செய்துவைத்தது பரவலாக நடந்த ஒன்று. அந்தக் கணக்கு இவரோடு கடல் தாண்டி வந்து, வேலூர் வெயிலிலும் அப்படியே இருக்கிறது. இவர் பார்த்த உலகில் பெண்பிள்ளையைக் காப்பாற்ற இருந்த ஒரே வழி அதுதான். இப்படிப்பட்டவரிடம் போய், சின்ன வயதில் கட்டிக்கொடுப்பது தப்பு என்று எடுத்த எடுப்பில் சொன்னால், நான் அவருடைய அம்மாவைத் திட்டுகிற மாதிரித்தான் அவருக்குக் கேட்கும். மகளைப் பற்றி என்ன பயம் என்று கேட்டேன். வரிசைக் கடைசியில் இருக்கும் பொதுக் கழிப்பறையைக் கையால் காட்டினார். உள்தாழ்ப்பாள் இல்லை. விளக்கு போய் நாளாகிவிட்டது. பக்கத்து மதிலில் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

தாழ்ப்பாளும் பல்பும்

போர் நடந்த, நடக்கிற இடங்களில் பெண்களுக்காக வேலை செய்தவர்கள் பல நாடுகளில் இந்தத் தாழ்ப்பாள், விளக்கு மாதிரி விஷயங்களைத்தான் சொல்லியிருக்கிறார்கள். சூடானின் டார்ஃபூரில் இடம்பெயர்ந்த பெண்கள் முகாமுக்கு வெளியே விறகு பொறுக்கப் போன வழியில் தாக்கப்பட்டார்கள். அப்புறம் ஆப்பிரிக்க ஒன்றியப் படையினர் விறகுக்குப் போகும் பெண்களுக்குத் துணையாகப் போனார்கள். விறகு குறைவாகப் பிடிக்கும் அடுப்புகளும் கொடுக்கப்பட்டன. நிவாரண முகாம்களுக்கான ஸ்ஃபியர் கையேடு, 20 பேருக்கு ஒரு கழிப்பறையாவது வேண்டும், உள்ளே பூட்டிக்கொள்ள வேண்டும், பொதுவிடத்தில் ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று என்று கணக்கே கொடுக்கிறது. பாலம் கட்டுகிற இஞ்சினியர் போல இத்தனை துல்லியமாக எழுதியிருக்கிறார்களே என்று முதலில் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஏதோ ஒரு முகாமில் இருட்டில் போன ஒரு பெண் இருந்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தத் தாழ்ப்பாளை முகாமில் இருக்கும் பெயின்டர்களே சேர்ந்து வாங்கிப் போட்டார்கள். விளக்குக்கு மனு மேல் மனு. வந்தது. கல்யாணம் நின்றது பல்பால் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளையின் டீச்சர் பேசினார், சித்தி பேசினாள், பிள்ளையே அழுது அடம்பிடித்தாள். ஆனால் எங்களோடு உட்கார்ந்து பேச அந்த அம்மா சம்மதித்தது, அவர் பயத்தை நாங்கள் உண்மை என்று எடுத்துக்கொண்ட பிறகுதான்.

2021 நவம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் எங்கள் மேல்மொணவூரில்தான் முகாம்களுக்கான புது வீட்டுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2023 செப்டம்பரில் அங்கேயே வைத்து, பல மாவட்டங்களில் கட்டி முடித்த 1,591 வீடுகளைத் திறந்துவைத்தார். பத்துக்குப் பத்து அறையில் சேலையைத் தடுப்பாகக் கட்டி, ஒரு பக்கம் மகனும் மருமகளும் இன்னொரு பக்கம் வயசுக்கு வந்த பெண்ணும் என்று படுத்தவர்களுக்குக் கதவும் தனிக் கழிப்பறையும் உள்ள வீடு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இந்த ஊரில் பெண்கள் பாதுகாப்புக்கு நடந்த ஆகப் பெரிய வேலை அது என்றே நான் நினைக்கிறேன், பெண்கள் பாதுகாப்பு என்ற தலைப்பில் அது நடக்காவிட்டாலும்.

இந்த வேலையை யார் செய்ய வேண்டும் என்பதிலும் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை. போர் நடந்துகொண்டிருந்தபோதே மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்துப் பெண்கள் இடம்பெயர்ந்தவர்களிடம் பாட்டும் நாடகமுமாகப் போனார்கள், வழக்கு என்றால் கோர்ட்டுக்கும் கூடப் போனார்கள். அவர்களும் அதே மண்ணில் அதே பயத்தோடு வாழ்ந்தவர்கள். இங்கேயும் முகாமில் பிறந்து, நம் ஊர்க் காலேஜில் படித்த பெண்கள் இருக்கிறார்கள். பாட்டியிடம் ஊர்ப் பேச்சிலும் ஆபீசில் நம் பேச்சிலும் பேசுவார்கள். ஆனால் இவர்களைத் தன்னார்வலர் என்று சொல்லியே சும்மா வேலை வாங்குகிறோம். பஸ் காசு தருவதோடு சரி. அடிபட்ட பெண்ணுக்குத் துணை போனதற்காக அவள் புருஷன் இவள் வீட்டு வாசலில் வந்து கத்திவிட்டுப் போனால், அன்று ராத்திரி இவளுக்கு யார் துணை? வெளியில் வீடு உள்ள நான் பஸ் ஏறிவிடுவேன். இவள் அதே வரிசையில், அவனுக்கு நாலு வீடு தள்ளிப் படுக்க வேண்டும். இவளுக்குச் சம்பளம் வேண்டும், அடையாள அட்டை வேண்டும், கூப்பிட்டால் எடுக்கிற அதிகாரி ஒருவரின் நம்பர் வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் எத்தனை பயிற்சிக் கூட்டம் போட்டாலும் பிரயோசனம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

அடுத்த வாரம் அதே பயிற்சியின் இரண்டாம் பகுதி. இந்த முறை முகாமிலிருந்து மூன்று பெண்களைக் கூட்டிப் போகிறேன். அவர்களே பேசுவார்கள். கேட்கப் போகிறதை எழுதிவிட்டார்கள்: புது வீட்டின் ஒதுக்கீட்டில் மனைவி பெயரும் சேர வேண்டும், குடும்பத் தலைவர் மாற்ற மனுவுக்கு இத்தனை நாளில் பதில் என்று எழுத்தில் வேண்டும், புகார் கொடுத்த குடும்பத்தின் பணக்கொடை ஒரு மாதம்கூட நிற்காது என்று முகாம் பலகையில் ஒட்ட வேண்டும்.